கல்லில் இல்லாத எலி

வெள்ளிக்கிழமை காலை பத்து ஐம்பதுக்கு, ஒன்பதாம் வகுப்பின் கடைசி வரிசைக்குப் பின்னால் போட்டிருந்த நாற்காலியில் தாளாளர் அங்கப்பன் வந்து உட்கார்ந்தார். பள்ளி அவருடையது. பிள்ளைகள் எழுந்தார்கள். கையைக் காட்டினார். உட்கார்ந்தார்கள்.

"நீங்க நடத்துங்க மிஸ். நானொருத்தன் இருக்கறதாவே நெனைக்காதீங்க."

ஹாரிகா அப்படி நினைக்க முயன்றாள். முடியவில்லை.

அவள் முன்பு பீளமேட்டில் ஒரு ஐ.டி. கம்பெனியில் இருந்தாள். வேலையை விட்டாள். வரலாறு படித்தாள். பி.எட். முடித்தாள். சூலூரைத் தாண்டித் தென்னந்தோப்புகளுக்கு நடுவே இருக்கும் இந்தப் பள்ளிக்கு இரண்டு பஸ் மாறி வந்தாள். அப்பா ரங்கராஜ் ஒரு கெடு வைத்திருந்தார்.

"ரெண்டு வருசம் பாரு. அதுக்குள்ள பெர்மனென்ட் ஆகலைன்னா கம்பெனிக்கே திரும்பிப் போயிடணும். எகிப்துக்காரங்க அய்யாயிரம் வருசமா சும்மாத்தான் படுத்திருக்காங்க. நீ வரலைன்னு கோவிச்சுக்க மாட்டாங்க."

இரண்டு வருடம் இந்த மாதத்தோடு முடிகிறது. வகுப்பைத் தாளாளர் பார்ப்பார். பிடித்திருந்தால் திங்கட்கிழமை நிரந்தர ஆணையில் கையெழுத்துப் போடுவார். பிடிக்காவிட்டால் போட மாட்டார். வேறு விதி இல்லை.

அதனால் வாரம் முழுக்க ஒத்திகை நடந்தது.

பார்வையாளர் வரும் வகுப்புக்கு இந்தப் பள்ளியில் ஒரு முறை உண்டு. தலைமையாசிரியை சாந்தாமணி கொண்டுவந்தது. கேள்வி கேட்டால் வகுப்பு மொத்தமும் கை தூக்க வேண்டும். பதில் தெரிந்தவர்கள் வலது கை. தெரியாதவர்கள் இடது கை. ஆசிரியர் வலது கையாகப் பார்த்துக் கூப்பிட வேண்டும். பின்னால் இருப்பவர் கண்ணுக்குக் கைகள் மட்டும் தெரியும்.

"எத்தனை ஆபீசருங்க அசந்து போயிருக்காங்க தெரியுங்களா?" என்றார் சாந்தாமணி. "மொதல்ல நான் முன்னால நின்னு கேக்கறேன். நீங்க தாளாளர் சேர்ல உக்காந்து பாருங்க. அவருக்கு எப்படித் தெரியும்னு உங்களுக்குப் புரியோணும்."

ஹாரிகா தாளாளர் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தாள். பிள்ளைகளின் முதுகுகள் தெரிந்தன. அவர்களுடைய வலது கைகள் அவளுக்கும் வலப்பக்கமாகவே உயர்ந்தன. சுலபம் என்று நினைத்தாள். முன்னால் நின்று ஒரு முறையும் கேட்டுப் பார்க்கவில்லை.

பாடம், ஆற்றங்கரை நாகரிகங்கள். அதில் பாபிலோன் ராஜா ஹமுராபியை அவள் எடுத்துக்கொண்டாள். சட்டங்களைக் கல்லில் வெட்டி நிறுத்தியவர். அவருடைய சபையை வகுப்பில் நடத்தலாம் என்று தோன்றியது. ஆற்றைப் பற்றிய பாடம் என்பதால் தண்ணீர் வழக்கு. கரையைக் கவனிக்காமல் விட்டு, கரை உடைந்து, பக்கத்து விளைச்சல் அழிந்தால், அழிந்ததைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். முடியாவிட்டால் அவனையும் அவன் உடைமைகளையும் விற்று, நஷ்டப்பட்டவர்கள் பங்கிட்டுக்கொள்ளலாம். கறுப்புப் பெயின்ட் அடித்த தெர்மாகோல் கல்லில் இந்த இரண்டையும் ரூபினா வெள்ளை எழுத்தில் எழுதினாள்.

வழக்கு தொடுப்பவன் வம்சி. கரையைக் கவனிக்காதவன் அஃபான். இருவரும் மனப்பாடம் செய்துவிட்டார்கள். ராஜா, மோகனப்பிரியா. வகுப்பிலேயே பெரிய குரல் அவளுடையது. கறுப்புக் கம்பளி நூலில் தாடி கட்டினார்கள்.

சிக்கல் ராஜாவிடம்தான் வந்தது.

"வாங்க, வாங்க. உக்காருங்க. தண்ணி குடிக்கறீங்களா?" என்றார் ஹமுராபி.

"ராஜா அப்படியெல்லாம் கேக்க மாட்டாரு கண்ணு."

"ஒரு எடத்துக்கு வந்தவங்கள வாங்கன்னு கூடச் சொல்லாம எப்படிங்க மிஸ்?"

"அவன் குத்தவாளி."

"குத்தவாளின்னாலும் வந்திருக்காங்களே மிஸ்."

இடைவேளையில் அஃபானை எருமை என்று கூப்பிடும் பெண். தாடியைக் கட்டியதும் மரியாதை வந்துவிட்டது. நீ என்று அவள் ஒரு முறை சொல்லிப் பார்த்தாள். சொன்னதும் தாடிக்குள் கையை விட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். பாபிலோன் கொஞ்சம் மரியாதையான ஊராகவே இருந்துவிட்டுப் போகட்டும் என்று ஹாரிகா விட்டுவிட்டாள்.

இப்போது வெள்ளிக்கிழமை. அவள் முன்னால் நின்றாள். தாளாளர் பின்னால் இருந்தார். அவருக்குப் பக்கத்தில் சாந்தாமணி.

"எல்லா நாகரிகமும் ஏன் ஆத்தோரமாவே தோணுச்சு?"

எல்லாக் கைகளும் உயர்ந்தன. தாளாளர் தலையை ஆட்டினார். ஹாரிகா தன் வலப்பக்கமாக உயர்ந்த கைகளில் ஒன்றைப் பார்த்தாள்.

"அஃபான்."

அஃபான் தன் கையைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். "நானுங்களா மிஸ்?"

"நீதான். சொல்லு."

அவன் யோசித்தான். "அப்ப தண்ணி லாரி இல்லீங்க மிஸ்."

தாளாளர் சத்தமாகச் சிரித்தார். அவர் சிரித்ததால் வகுப்பும் சிரித்தது. ஹாரிகாவுக்குத் தெம்பு வந்தது. நைல் நதியின் படத்தைத் தொங்கவிட்டாள். வருடா வருடம் வெள்ளம் வரும், வண்டல் படியும், அதில் விதைப்பார்கள் என்றாள்.

"வருசா வருசமுங்களா?" என்று பின்னாலிருந்து கேட்டார் தாளாளர். "நமக்கு வாய்க்கால்ல ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா தண்ணி உடறாங்க. அதுக்கே அந்த ஆபீசருக்கு நாம கும்புடு போடோணும். எகிப்துக்காரன் குடுத்து வெச்சவன்."

அவருக்குப் பக்கத்தில் சாந்தாமணி கையை உயர்த்தியிருந்தார். வலது கை. அதை இடது கையால் தட்டித் தட்டிக் காட்டினார். ஹாரிகாவுக்குப் புரியவில்லை. தாளாளர் திரும்பிப் பார்த்தார்.

"டீச்சருக்கும் ஏதோ சந்தேகமாட்டருக்குது. கேளுங்க டீச்சர்."

சாந்தாமணி கையை இறக்கினார். "ஒண்ணுமில்லீங்க சார்."

தாடி கட்டிய மோகனப்பிரியா மேசைக்குப் பின்னால் வந்து உட்கார்ந்தாள். பக்கத்தில் கல். ஹாரிகா வகுப்பைப் பார்த்துக் கேட்டாள்.

"ராஜா சபை கூடியாச்சு. முறையிட வேண்டியவங்க யாரு?"

எல்லாக் கைகளும் உயர்ந்தன. வம்சி பாதி எழுந்தே விட்டான். ஹாரிகாவின் கண் அவனைத் தாண்டி, ஜன்னலோரம் உயர்ந்த கையில் நின்றது.

"மிதுன்."

அந்த வருடம் முழுவதும் மிதுன் வகுப்பில் சொன்னது ஒரே ஒரு வாக்கியம். தெரியலீங்க மிஸ். அவன் எழுந்து நின்றான். வம்சியைப் பார்த்தான். வம்சி உதடுகளை அசைத்துத் தன் வசனத்தைக் கொடுக்க முயன்றான். மிதுனுக்குக் கேட்கவில்லை.

"உங்களுக்கு என்ன குறைங்க?" என்றார் ராஜா.

முறையிடு என்றால் தெரியலீங்க என்று சொல்ல முடியாது.

"எங்க வெங்காயமுங்க."

"வெங்காயத்துக்கு என்னாச்சுங்க?"

"போன ஐப்பசில அடமழை பேஞ்சுதில்லீங்க. அப்ப பக்கத்துத் தோட்டத்துப் பண்ணைக்குட்டை ஒடைஞ்சு தண்ணி பூரா எங்க காட்டுக்குள்ள வந்துருச்சுங்க. சின்ன வெங்காயமுங்க. புடுங்கற பதத்துல இருந்துச்சு. அத்தனையும் அழுகிப்போச்சுங்க."

வம்சி மெதுவாக உட்கார்ந்தான். ஹாரிகாவுக்கு மகிழ்ச்சியாக இருந்தது. ஒத்திகையில் இல்லாத வழக்கு. கல்லில் இருப்பதற்கு அப்படியே பொருந்துகிறது. இதைவிட நல்ல பாடம் அமையாது.

மோகனப்பிரியா எல்லாத் தலைகளுக்கும் மேலாகப் பின்சுவரைப் பார்த்தாள்.

"மிஸ், வம்சி கேஸையே எடுத்துக்கலாமுங்களா?"

"ஏன்? இதுதான் நல்ல கேஸ். கரையைக் கவனிச்சாங்களா இல்லையான்னு கேளு. ராஜா யாருக்கும் பயப்படக் கூடாது."

மோகனப்பிரியா அதை உத்தரவாக எடுத்துக்கொண்டாள். நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"குட்டைக் கரையைப் பாத்துக்கிட்டாங்களா?"

"இல்லீங்க. கரைல ஓட்டை இருக்குது, தண்ணி கசியுதுன்னு எங்கப்பா முன்னாடியே சொன்னாருங்க."

"அதுக்கு என்ன சொன்னாங்க?"

"பாக்கலாமுங்கன்னு சொன்னாங்களாமா."

"அது எலி தோண்டுன வங்கு."

சொன்னது தாளாளர். எல்லாரும் திரும்பினார்கள். அவர் நாற்காலியில் சற்று முன்னால் நகர்ந்திருந்தார்.

"எலி வங்கு போட்டா மனுசன் என்னங்க பண்ணுவான்? பொதுவாக் கேக்கறேன்."

ரூபினா கல்லைப் பிடித்துக்கொண்டு ஹாரிகாவின் பக்கத்தில் நின்றாள். அவள் காதருகே குனிந்தாள்.

"மிஸ், அது தாளாளர் சார் குட்டைங்க."

ஹாரிகாவின் கையிலிருந்த சாக்பீஸ் உடைந்தது. இரண்டு துண்டுகளையும் பார்த்தாள்.

"சரி. இது ஒரு கற்பனை வழக்கு. இதை இதோட..."

"இல்லீங்க மிஸ். நெசமுங்க" என்றான் மிதுன்.

சாந்தாமணி எழுந்தார். "சார், டீ வந்துருச்சுங்க. ஆறிப்போயிரும்."

"ஆறட்டும் டீச்சர். கேஸு நடக்குதில்லீங்க?"

தாளாளர் எழுந்து பெஞ்சுகளுக்கு நடுவே நடந்து வந்தார். குற்றவாளி நிற்க வேண்டிய இடத்தில் சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டிருந்தார்கள். அஃபான் அதில் நின்றிருந்தான். சந்தோஷமாக இடம் விட்டான்.

"வாங்க" என்றார் ராஜா. "உக்காருங்க. தண்ணி குடிக்கறீங்களா?"

"குடு அம்மணி."

"ராஜாங்க."

"குடுங்க ராஜா."

தண்ணீர் வந்தது. குடித்தார். டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டார்.

"அந்த எலி எங்க கரைல மட்டும் இருக்கற எலி இல்லீங்க. இவங்க காட்டுல மேயுது. என்ற கரைல வந்து படுக்குது."

"அப்ப குடியிருக்கற ஊடு உங்களுதுதானுங்களே?"

"தீனி அவிங்களுது. தின்னு கொழுத்துத்தானே வங்கு தோண்டுச்சு?"

ராஜா தாடியைச் சொறிந்தார். நூல் அரித்தது. கல்லைப் படித்தார்.

"கல்லுல எலி இல்லீங்க."

"நல்லாப் பாருங்க. பின்னால இருக்கும்."

ரூபினா கல்லைத் திருப்பிக் காட்டினாள். பின்பக்கம் பெயின்ட் அடிக்கவில்லை. வாஷிங் மெஷின் பெட்டிக்குள் வந்த தெர்மாகோல். இந்தப் பக்கம் மேலே என்று அம்புக்குறி போட்டிருந்தது.

"சரி, எலி கெடக்குது" என்றார் தாளாளர். "கரை ஒடைஞ்ச மக்யா நாள் காலைல நானே இவங்க ஊட்டுக்குப் போனேன். நாச்சிமுத்து இருந்தாரு. இப்படி ஆயிப்போச்சுங்களேன்னேன். இவங்கப்பன் என்ன சொன்னாருன்னு இவனையே கேளுங்க."

ராஜா மிதுனைப் பார்த்தார்.

"பரவாயில்லீங்கன்னு சொன்னாருங்க."

"கேட்டுக்கிட்டீங்களா?" தாளாளர் வகுப்பைப் பார்த்துத் திரும்பினார். "பரவாயில்லீங்கன்னு அவரே சொல்லிப்போட்டாரு. அப்பறம் என்ன கேஸு?"

"ஊடு தேடி வந்தவங்ககிட்ட வேற என்னங்க சொல்றது?" என்றான் மிதுன். அவன் ராஜாவைப் பார்த்துத்தான் பேசினான். "அன்னிக்கு எங்கப்பா சோறு உங்கலீங்க. அப்பறம் நாங்க கடைல வெங்காயம் வாங்குனமுங்க. வெங்காயம் போட்டவங்க வெங்காயம் வாங்கறத ஊருக்குள்ள பாத்தா நல்லாருக்காதுன்னு எங்கம்மா பஸ் ஏறிப் பல்லடம் போயி வாங்கிட்டு வந்தாங்க."

தாளாளர் காலி டம்ளருக்குள் பார்த்தார்.

"பரவாயில்லீங்கறது கல்லுல இல்லீங்க" என்றார் ராஜா.

பிறகு எழுந்து நின்றார். தீர்ப்பை நின்றுகொண்டு சொல்ல வேண்டும் என்று ஒத்திகையில் ஹாரிகாதான் சொல்லியிருந்தாள்.

"அழிஞ்ச வெங்காயத்தத் திருப்பிக் குடுத்துப்போடுங்க. முடியலைன்னா..." ராஜா ஹாரிகாவைப் பார்த்தார். ஹாரிகா நைல் நதியைப் பார்த்தாள். "முடியலைன்னா உங்கள வித்துப்போடுவமுங்க. தப்பா நெனச்சுக்காதீங்க."

"என்னையா?"

"தோட்டம், பள்ளிக்கூடம் எல்லாஞ் சேத்தித்தானுங்க."

"பள்ளிக்கூடமுமா?" என்றார் சாந்தாமணி.

"ஒடமைகள்னு போட்டிருக்குதுங்க மேடம்."

தாளாளர் டம்ளரை ராஜாவின் மேசையில் வைத்தார். "சக்கரை இருக்குது. முட்டி தேஞ்சுபோச்சு. ஆரு கண்ணு என்னை வாங்குவா?"

யாரோ ஒருவன் சிரித்தான். உடனே நிறுத்தினான். தாளாளர் வாசல் வரை போய்த் திரும்பினார்.

"பாடம் நல்லாருந்துச்சுங்க மிஸ்."

அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பரவாயில்லீங்க என்றால் என்ன என்பதை ஹாரிகா அப்போதுதான் கற்றிருந்தாள். நல்லாருந்துச்சுங்க என்றால் என்ன என்று யாரிடமும் கேட்கத் தோன்றவில்லை.

மதியம் சாந்தாமணி அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"வலது கைய மட்டும் கூப்புடுங்கன்னு சொன்னனா இல்லீங்களா?"

"வலது கையைத்தான் கூப்பிட்டேன் மேடம்."

சாந்தாமணி அவள் எதிரில் வந்து நின்றார். தன் வலது கையை உயர்த்தினார். "நீங்களும் தூக்குங்க."

ஹாரிகா தன் வலது கையை உயர்த்தினாள். இரண்டு கைகளையும் பார்த்தாள். ஒன்று சுவர்ப்பக்கம் இருந்தது. மற்றது ஜன்னல்பக்கம் இருந்தது.

"அய்யோ" என்றாள்.

"இத்தனை வருசத்துல ஒருத்தரும் இப்படிப் பண்ணதில்லீங்க அம்மணி" என்றார் சாந்தாமணி.

அன்று மாலை அப்பா வாசலிலேயே நின்றிருந்தார்.

"கிளாஸ் எப்படிப் போச்சு?"

"தாளாளரை வித்துட்டோம்பா."

அவர் அதற்குமேல் கேட்கவில்லை. கம்பெனியில் இன்னும் வேலை பார்க்கும் அவள் தோழியின் நம்பரைக் கேட்டார்.

திங்கட்கிழமை பள்ளி மைதானத்தில், கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில், ஒரு குட்டியானை வண்டி நின்றது. மூட்டை மூட்டையாகச் சின்ன வெங்காயம். பிரேயரில் முன்வரிசைப் பிள்ளைகளின் கண்களில் நீர் வடிந்தது. மற்றவர்கள் அதைப் பக்தி என்று நினைத்திருக்கலாம்.

பிரேயர் முடிந்ததும் மிதுன் ஓடி வந்தான்.

"சனிக்கெழம காலைலயே இந்த வண்டி எங்கூட்டுக்கு வந்துச்சுங்க மிஸ். எங்கப்பா பரவாயில்லீங்கன்னு திருப்பி அனுப்பிப்போட்டாரு. சாயந்தரம் மறுபடி வந்துச்சு. வாங்கிக்கலைன்னா என்னை வித்துப்போடுவாங்க, வாங்கிக்குங்கன்னு தாளாளர் சார் சொல்லி உட்டிருந்தாருங்க. எங்கப்பா மறுபடி அனுப்பிப்போட்டாரு. நேத்து ரெண்டு பேரும் போன்ல பேசுனாங்க."

"சண்டையா?"

"இல்லீங்க மிஸ். ரொம்ப மரியாதையாப் பேசுனாங்க. எங்கம்மாவே பயந்துட்டாங்க."

அவன் அதற்குள் வகுப்பில் ஒரு வருடத்தில் பேசியதைவிட அதிகம் பேசியிருந்தான். ஹாரிகா அதைக் கவனித்தாள். கம்பெனிக்குத் திரும்பிப் போனால் இதை யாரிடம் சொல்வது என்று நினைத்தாள். பியூன் வந்தார்.

"மிஸ், தாளாளர் ரூமுக்கு வரச் சொன்னாருங்க."

தாளாளர் மேசைக்குப் பின்னால் இருந்தார். சாந்தாமணி நின்றிருந்தார். எதிர் நாற்காலியின் நுனியில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, ஏதோ கல்யாணத்துக்கு வந்ததைப் போல. ஹாரிகா உள்ளே வந்ததும் எழுந்து கும்பிட்டார்.

"மிதுனோட அப்பாங்க. நாச்சிமுத்து."

மேசையில் ஹாரிகாவின் நிரந்தர ஆணை இருந்தது. தட்டச்சு செய்து, முத்திரை வைத்து. கையெழுத்து மட்டும் இல்லை. தாளாளர் பேனாவைத் திறந்து கையில் வைத்திருந்தார்.

"வாங்க மிஸ். உக்காருங்க. தண்ணி குடிக்கறீங்களா?"

ஹாரிகாவுக்குப் பாபிலோன் ஞாபகம் வந்தது. உட்கார்ந்தாள். தண்ணீர் வேண்டாம் என்றாள்.

"உங்களாலதான் இது வெளிய வந்துச்சு" என்றார் தாளாளர். "அதனால நீங்களே தீத்து வெச்சுப்போடுங்க. நான் வெங்காயத்தக் குடுக்கறேங்கறேன். இவரு வாங்க மாட்டீங்கறாரு."

"எனக்கு வெங்காயம் வேண்டாமுங்க" என்றார் நாச்சிமுத்து. "எடுத்துக்கச் சொன்னா எடுத்துக்கறேன். வேண்டாம்னா உட்டுப்போடறேன். ஆனா எலி எங்களுதுன்னு மட்டும் சொல்லாதீங்க."

"உங்களுதுன்னு சொல்லலீங்க. உங்க தீனின்னுதான் சொன்னேன்."

"அதுக்கு அதானுங்க அர்த்தம். ஊருக்குள்ள நாச்சிமுத்து எலி வளத்தறான்னு சொல்ல மாட்டாங்களா?"

"நீங்க பூரா வெங்காயத்தையும் எடுத்துக்குங்க. வண்டியையும் எடுத்துக்குங்க. அங்கப்பன் கரையப் பாக்காம உட்டுப்போட்டான்னு மட்டும் ஊரு சொல்லக் கூடாது. எங்கப்பன் காலத்துல இருந்து எங்க கரை ஒண்ணு ஒடைஞ்சதில்லீங்க. எலி வந்துச்சு. அவ்வளவுதான்."

"எலி எல்லாக் கரைலயும் வருதுங்க. பாக்கறவங்க கரைல வங்கு நிக்கறதில்லீங்க."

"அப்ப நான் பாக்கலீங்கறீங்க."

"நான் அப்படிச் சொல்லலீங்க."

"பரவாயில்லீங்க. சொல்லுங்க."

"பரவாயில்லீங்க. வேண்டாமுங்க."

சாந்தாமணி ஜன்னல் வழியாக வெங்காய வண்டியைப் பார்த்தார். இருவரும் ஹாரிகாவின் பக்கம் திரும்பினார்கள்.

"நீங்க படிச்சவங்க" என்றார் தாளாளர். "அந்த ராஜா மொத்தம் எத்தனை சட்டம் எழுதுனாரு?"

"இருநூத்தி எண்பத்திரண்டுங்க சார்."

"நீங்க எங்களுக்குக் காட்டுனது ரெண்டே ரெண்டு. மிச்சத்துல எலி இருக்குதா இல்லையா?"

ஹாரிகா பேனாவைப் பார்த்தாள். அதன் முனை ஆணையின் அடியில், அவர் பெயருக்கு மேலே, காகிதத்தைத் தொடாமல் நின்றது. ஆமாம், இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். கரையைக் கவனிக்காதவர் கவனித்தவர் ஆகிவிடுவார். இந்த அறையில் பாபிலோனுக்குப் போய்ச் சரிபார்த்து வரப்போகிறவர்கள் யாரும் இல்லை. எதிரில் நாச்சிமுத்து கைகளைத் தொடைமேல் வைத்துக்கொண்டு, எதைச் சொன்னாலும் ஏற்றுக்கொள்ளும் முகத்தோடு உட்கார்ந்திருந்தார். பரவாயில்லீங்க என்று சொல்ல அவர் உதடு தயாராக இருந்தது.

"சிங்கம் இருக்குதுங்க சார்" என்றாள்.

"சிங்கமா?"

"வாடகைக்கு எடுத்த மாட்டைச் சிங்கம் அடிச்சுட்டா, எடுத்தவரு பொறுப்பில்லைன்னு ஒரு சட்டம் இருக்குதுங்க. நஷ்டம் மாட்டுக்காரரோடது."

தாளாளரின் முகம் மலர்ந்தது. "பாத்தீங்களா நாச்சிமுத்து? மனுசன் கைல இல்லாதது. சிங்கம் வந்தா ஆரு என்ன பண்ண முடியும்? எலியும் அப்படித்தான்."

"சிங்கமும் எலியும் ஒண்ணுங்களா?" என்றார் நாச்சிமுத்து. அவர் தாளாளரைக் கேட்கவில்லை. ஹாரிகாவைக் கேட்டார்.

வெளியே மூன்றாவது பீரியட் மணி அடித்தது. ஒன்பதாம் வகுப்பில் பிள்ளைகள் அவளுக்காகக் காத்திருப்பார்கள். தாளாளர் பேனாவை இறக்கவில்லை, மூடவும் இல்லை. மேசைமேல் குனிந்து, குரலைத் தாழ்த்தினார்.

"சிங்கத்துக்கு எழுதி வெச்சவரு எலிக்கு எழுதாமயா போயிருப்பாரு? அவசரமில்லீங்க மிஸ், நல்லா ரோசன பண்ணிச் சொல்லுங்க."